தோட்டா மெஷின் பார்த்த ஆறு ஞாயிறுகள்

1

இந்தக் கார்த்திகை பிறந்தால் நான் ரங்கூனுக்கு வந்து முப்பத்து நாலு வருஷம். வந்தது மூன்று மாத அனுமதியில். பாக்கி வருஷமெல்லாம் அந்த மூன்று மாதத்தை நீட்டிக்கொண்டதுதான்.

ஊரிலிருந்து போன் செய்கிற நீங்கள் எல்லாரும் அங்கே நிலைமை எப்படி என்று கேட்கிறீர்கள். நிலைமையைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்தது பிரஸ் மெஷின். அதைப் பற்றியே எழுதுகிறேன். நான் படித்தது நாலாங் கிளாஸ். அதற்கு மேலே படித்த எஞ்சினீயர்கள் நாலு பேர் கைவிட்ட மெஷினை ஓட்டிக் காட்டத்தான் என்னைக் கோயம்புத்தூரிலிருந்து இங்கே கூட்டி வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில், ஒரு சோடாக் கம்பெனி. பாட்டில் மூடி அடிக்கிற பிரஸ். ஒரே மெஷினில் ஐந்து ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷனில் தகடு வெட்டும், அடுத்ததில் குழியும், அடுத்ததில் ஓரம் மடியும், அப்புறம் பல் விழும், கடைசியில் மூடி தனியாகக் கழன்று கூடையில் விழும். ஒவ்வொரு அடிக்கும் தகடு ஒரு ஸ்டேஷன் நகர வேண்டும். ஐந்து இடத்திலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கும். ஒரு இடத்தில் மயிரிழை தப்பினால் ஐந்தும் குப்பை. அந்த மெஷின் மேல் ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டேன். அரை மணி நேரம். "மூணாவது ஸ்டேஷன் லேட்" என்றேன். கழற்றிப் பார்த்தார்கள். மூணாவதுதான்.

அன்றைக்கு என்னை "சயாஜி" என்றார்கள். பெரிய வாத்தியார் என்று அர்த்தம். நாலாங் கிளாஸில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் உயிரோடு இருந்தால் சொல்லி அனுப்பியிருப்பேன். இன்றைக்கு ரங்கூனிலேயே பசுந்தாங் பேட்டையில் எனக்குச் சொந்தமாக இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின். மேலே வீடு, கீழே பட்டறை.

2

என் மனைவி மீனாட்சி இந்த பசுந்தாங்கிலேயே பிறந்தவள். பர்மியப் பேர் டோ மீ மீ. அவள் தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பழைய நாடகம் போல இருக்கும், நடுநடுவே பர்மியம் வரும். முப்பது வருஷத்துக்கு மேலாக என் பர்மியத்தைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். கணக்கு நேராகிவிட்டது.

எங்களுக்கு ஒரே பையன். அவனுக்கு மூன்று பேர். நான் வைத்தது சரவணன். பள்ளிக்கூடத்துக்கு சோ மின். இப்போது டெக்ஸாஸில் அவன் ஆபீஸில் சாம். நான் கூப்பிட்ட பேரில் அவனை இன்றைக்குக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். தமிழ் புரியும், பேசும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் தாங்காமல் பர்மியத்துக்குத் தாவிவிடுவான். கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று ஐந்து தடவை விளக்கியிருக்கிறான். ஐந்து தடவையும் தலையாட்டினேன்.

அவன் அமெரிக்கா போய் ஆறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். அங்கே சனிக்கிழமை ராத்திரி. என்னிடம் பேசுவது இவ்வளவுதான். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். கரண்ட் இருக்கா. இருக்கு. அம்மாகிட்ட குடுங்க. அப்புறம் அம்மாவும் பிள்ளையும் பர்மியத்தில் ஒரு மணி நேரம் பேசிச் சிரிப்பார்கள். நான் கீழே இறங்கிப் போய் ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விடுவேன்.

அப்படி இருந்தவன், இந்த வருஷம் மழை பிடிக்கிற சமயத்தில் ஒரு ஞாயிறன்று, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லவில்லை. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். தமிழிலேயே சொன்னான்.

விஷயம் இதுதான். அவன் சனிக்கிழமைகளில் ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கி சுடுகிற மைதானத்துக்குப் போகிறானாம். இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி, யார் சீக்கிரம் சுட்டு விழ வைக்கிறார்கள் என்று பந்தயம். ஒரு நாளைக்கு ஏகப்பட்ட தோட்டா செலவாகும். அதனால் அங்கே பலர் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். சட்டப்படி தப்பில்லையாம். வெடிமருந்து சாதாரணக் கடையில், தூண்டில் முள் விற்கிற அலமாரிக்குப் பக்கத்தில் டப்பாவில் இருக்குமாம். அதற்கென்று மேஜையில் மாட்டுகிற கைப்பிடி பிரஸ் விற்கிறது. ஒரு வட்டத் தட்டு, அதில் ஐந்து ஸ்டேஷன், ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு ஒரு இடம் நகரும், கடைசி இடத்தில் முழுத் தோட்டா விழும்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சோடா மூடி மெஷின்தான் இது. அதையே வீட்டு மேஜையில் உட்காருகிற அளவுக்குச் சிறிசாக்கியிருக்கிறார்கள்.

இரண்டு மெஷினில் எதை வாங்கலாம் என்று கேட்டான். ஒன்றில் இழுத்தால் தட்டு தானாகச் சுற்றும். இன்னொன்றில் ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் நாமே சுற்ற வேண்டும்.

பதில் எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

3

இங்கே ஒன்றை விளங்கச் சொல்ல வேண்டும். டெக்ஸாஸில் கடையில் விற்கிற இந்தச் சாமானின் படம் போனில் இருந்தால்கூட இங்கே ஒருவன் வீடு திரும்பாமல் போகலாம். பாலத்தில் பஸ்ஸை நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பார்கள். அதனால் மீனாட்சி முதல் வாரமே சட்டம் போட்டாள். போனில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. "மூடி மெஷின்" என்றே சொல்ல வேண்டும். பையன் அனுப்புகிற வீடியோவைப் பார்த்த கையோடு அழிக்க வேண்டும்.

நான் அழித்தேன். அடுத்த ஞாயிறு, மறந்து போச்சு, திரும்ப அனுப்பு என்றேன். அவனும் அனுப்பினான்.

இரண்டாவது ஞாயிறு வார்ப்பைப் பற்றிப் பேசினோம். தானாகச் சுற்றுகிற மெஷினின் உடம்பு அலுமினியம், மற்றது வார்ப்பு இரும்பு. அலுமினியம் பார்க்க அழகு, இழுக்க இழுக்கச் சட்டம் விரிந்து வாய் திறக்கும் என்றேன். மூன்றாவது ஞாயிறு ஸ்பிரிங்கும் பல்லும். தட்டைத் தானாகச் சுற்றுவது ஒரு சின்னப் பல். அது தேய்ந்தால் தட்டு பாதியில் நிற்கும். நாலாவது ஞாயிறுதான் முக்கியமானது. வேலை நடுவில் ஏதோ இடித்து நிறுத்திவிட்டாய் என்று வை. எந்த உறையில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை? ஒரே உறையில் இரண்டு தடவை விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். தானாகச் சுற்றுகிறது அதன் பாட்டுக்குப் போயிருக்கும், உனக்குத் தெரியாது. கையால் சுற்றினவனுக்குக் கை சொல்லும். வேகமாக ஓடுகிற மெஷினை, அதைவிட வேகமாகப் பார்க்கத் தெரிந்தவன்தான் வாங்க வேண்டும் என்றேன். அவன் "ம்" கொட்டினான். எழுதிக்கொள்கிற மாதிரி தெரிந்தது.

ஒரு அதிசயம் சொல்கிறேன். இந்தப் பேச்செல்லாம் எந்த பாஷையில் நடந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பிளே, ஸ்பிரிங், டை, பின், லெவல் என்று அவனும் நானும் பேசினால், நடுவில் தமிழோ பர்மியமோ ஒட்டுப் போட்டால் போதும். அவன் பிறந்து முப்பத்தொரு வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகத் தெரிந்த பாஷை இப்போதுதான் கிடைத்தது.

நாலாவது ஞாயிறு போனை வைத்ததும் மீனாட்சி கேட்டாள். "ஏங்க, இன்னும் எத்தனை வாரம் பாப்பீங்க? எஞ்சினீயரு நாலு பேரு கைவிட்டதை அரை மணியில கண்டுபிடிச்ச ஆளு நீங்க."

இது சாதாரண மெஷின் இல்லை என்றேன்.

"நீங்க மெஷினைப் பாக்கலை. நாளைத்தான் இழுக்கறீங்க."

நான் கீழே பட்டறைக்கு இறங்கிப் போனேன். என் அப்பா மில் தொழிலாளி. என்னோடு அதிகம் பேச மாட்டார். நான் லேத்துப் பட்டறையில் சேர்ந்து கை தேறிய பிறகு, ஒரு நாள் சைக்கிள் பம்ப்பைக் கொண்டு வந்து, இது என்னன்னு பாரு என்றார். அவர் என்னை ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்து நிமிஷத்தில் வாஷர் வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று காட்ட வேண்டாமா. அவர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் சாகிற வரை எதுவும் கேட்கவில்லை. பம்ப் நன்றாக வேலை செய்தது.

4

ஐந்தாவது வாரம் நான் செய்தது லேத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பீஸ் கையில் இல்லாமல் மெஷினைப் பற்றி முடிவு சொல்வது எங்கள் தொழிலில் கிடையாது. கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பையனிடம் தோட்டாவின் அளவு வாங்கினேன். பித்தளைக் கம்பியில் ஐந்து பீஸ் கடைந்தேன். உள்ளே குழி இல்லை, மருந்து இல்லை, கெட்டிப் பித்தளை, எதற்கும் உதவாது. ஆனால் வெளியே உறையும் முனையும் அளவில் ஒரு நூல் பிசகில்லை. அலுமினியத் தட்டு ஒன்று வெட்டி அதில் ஐந்தையும் நிறுத்தி, தட்டு எவ்வளவு ஆடுகிறது என்று விரலால் அசைத்துப் பார்த்தேன். பெருமையாகச் சொல்கிறேன், டெக்ஸாஸ்காரன் வந்து பார்த்தாலும் சுடுவதற்கு எடுத்துப் போயிருப்பான்.

மீனாட்சி டீ கொண்டு வந்தவள் அதைப் பார்த்தாள். டம்ளர் சாய்ந்து டீ சிந்தியது. அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

வந்தவர் பேர் கோ தான். வார்டு ஆபீசில் எழுதுகிற ஆள், முப்பத்தைந்து வயசு இருக்கும், அமைதியானவர். வீட்டு ஆள் லிஸ்ட் சரிபார்க்க வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். வந்து என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஐந்து தோட்டா, தட்டில் வரிசையாக, மினுமினுவென்று.

"இது என்ன சயாஜி?"

என் பர்மியம் அவசரத்தில் பாதி காணாமல் போகும். ஆனால் அன்றைக்கு வந்தது. டீக்கெண்டி மூடிக்குக் குமிழ் என்றேன். இன்னும் முடியவில்லை, கழுத்து வெட்ட வேண்டும் என்றேன்.

"அழகா இருக்கே" என்றார்.

சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும். ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினேன். முனையை வழித்து உருண்டையாக்கினேன், கழுத்து இறக்கினேன், அடியில் ஓட்டை போட்டு மரை வெட்டினேன். நல்ல குமிழ். இரண்டாவதும் அப்படியே. கோ தான் லிஸ்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். வீட்டில் எத்தனை பேர். இரண்டு. சோ மின் பேர் இன்னும் லிஸ்டில் இருக்கிறதே. இருக்கிறது, ஆள் வெளிநாட்டில். எந்த நாடு. அமெரிக்கா. எப்போது திரும்புவார். அந்த இடத்தில் நான் மூன்றாவது குமிழுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாது என்றேன். பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்று மீனாட்சி உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

நாலாவது பீஸை மாட்டி சுவிட்சைப் போட்டேன். கரண்ட் போய்விட்டது.

பட்டறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒன்று லேத்தில் பீஸைப் பிடிக்கிற சக்கில், முனை அவரைப் பார்த்தபடி. ஒன்று தட்டில். என் வெளிநாட்டார் பதிவுப் புத்தகம் மேலே அலமாரியில் இருக்கிறது, வருஷா வருஷம் போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கி, முப்பத்து நாலு வருஷமாக நான் ஒழுங்கானவன் என்று சொல்கிற புத்தகம். அதை நினைத்தேன்.

மீனாட்சி அவருக்கு டீயும் நாங்கட்டாய் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்து, அவருக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றாள். அவர் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அம்மா பற்றி, தைலம் பற்றி, விலைவாசி பற்றிப் பேசினார்கள். கோ தான் டீயை நிதானமாகக் குடித்தார். முடிந்த குமிழ் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக் கெண்டி மூடியில் குமிழ் போய் நாளாயிற்று, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். லிஸ்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சயாஜி, மிச்சம் ரெண்டையும் குமிழ் ஆக்கிடுங்க. கரண்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க."

அவர் தெருமுனை திரும்புகிற வரை நான் அசையவில்லை. பிறகு அரத்தை எடுத்தேன். இரண்டையும் கையாலேயே ராவினேன். அவசரத்தில் ஒன்று கோணலாகப் போயிற்று. என் வாழ்க்கையில் நான் செய்த கோணல் பீஸ் அது ஒன்றுதான்.

அன்றைக்கு மீனாட்சி சத்தம் போடவில்லை. வரப்போகிற ஞாயிறு முடிவு சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் இந்தப் பேச்சு இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். சரி என்றேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் பெயரும் லிஸ்டில் இருக்க வேண்டுமென்றால் சில விஷயங்களுக்குச் சரி என்றுதான் சொல்ல வேண்டும்.

5

ஆறாவது ஞாயிறு குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தேன். சொல்லி முடித்தால் அடுத்த வாரத்திலிருந்து பழையபடி சாப்பிட்டீங்களாதான் என்று தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தேன்.

போன் வந்தது. நான் காரணங்களை வரிசையாகச் சொல்லி, கையால் சுற்றுகிற மெஷினையே வாங்கு என்று முடித்தேன். பையன் திரையில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, வாங்கிட்டேன்" என்றான்.

எதை என்றேன்.

தானாகச் சுற்றுகிறதை. எப்போது என்றேன். முதல் வாரமே. நண்பன் ஒருவன் விற்றான், நல்ல நிலைமையில் இருந்தது, வாங்கிவிட்டான். என்னிடம் கேட்டதற்கு இரண்டு நாள் கழித்து. அதாவது ஐந்து ஞாயிறாக நான் அலுமினியத்தையும் ஸ்பிரிங்கையும் பல்லையும் திட்டியதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த மெஷினை. நான் வீடியோ கேட்டபோதெல்லாம் பழையதைத் தேடி அனுப்பியிருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த வயசில் என்னை உட்கார வைத்து வேடிக்கை பார்த்தானா? வெட்டிய பித்தளையை நினைத்தேன். கோ தான் எதிரே உட்கார்ந்து டீ குடித்த அந்த நிமிஷங்களை நினைத்தேன். அது அவனுக்குத் தெரியாது, சொல்லவும் முடியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அவன் பர்மியத்துக்கு மாறினான். நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள், நடுவில் நிறுத்த மனசு வரவில்லை என்றான். அப்புறம் தமிழில், தேடித் தேடி, "சொன்னா... பேச மாட்டீங்கன்னு" என்றான்.

மீனாட்சி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெஷினைக் காட்டு என்றேன். போனைத் திருப்பினான். கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு மேஜை, அதன் மேல் மெஷின். உறையும் இல்லை, மருந்தும் இல்லை, வெறும் மெஷின். ஓட்டு என்றேன். இழுத்தான். தட்டு சுற்றியது. நாலாவது இழுப்பில் பாதியில் நின்றது. இரண்டு வாரமாக இப்படித்தான் நிற்கிறது, நீங்கள் சொன்ன பல்தான் தேய்ந்துவிட்டது போல, நீங்கள் சொன்னதுதான் சரி என்றான்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஐந்து வாரமாக நான் சொன்னதை ஒரு அமெரிக்க மெஷின் தானே ஒப்புக்கொள்கிறது. ஊரில் இதைச் சொன்னால் எத்தனை பேர் முன்னால் மீசையை முறுக்கலாம். ஆனால் மெஷின் விஷயத்தில் நான் பொய் சொல்லிப் பழகவில்லை. இன்னொரு தடவை இழு என்றேன். இன்னொரு தடவை. போனைக் கீழே இறக்கு என்றேன்.

பல் நன்றாக இருந்தது. ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தது. சொல்லவே வாய் வரவில்லை, அலுமினியம்கூட நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியை இழுக்கும்போது மேஜை முன்னால் வந்து பின்னால் போயிற்று. மெஷின் நிற்கிற இடமே ஆடினால் அது எப்படி ஒழுங்காகச் சுற்றும்?

"மெஷின் நல்ல மெஷின்தான். மேஜைதான் ஆடுது" என்றேன்.

அவன் மேஜையைத் தட்டிப் பார்த்தான். எந்தக் கால் என்று கேட்டான்.

எந்தக் கால் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மீனாட்சிக்கும் தெரிந்திருக்கும், அவள் தடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். அதெல்லாம் அவசரப்பட்டுச் சொல்ல முடியாது, அதுவரை மெஷினில் ஒரு உறையும் வைக்கக் கூடாது என்றேன். மேஜைக்கு நாலு கால். வாரத்துக்கு ஒரு கால் காட்டச் சொல்லியிருக்கிறேன்.